அரசு விதி மாறினால் எண்ணெய் நிறுவனங்களின் முதலீடு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய், எரிவாயு பற்றிய பேச்சு நம்மிடையே பெட்ரோல் விலையில் தொடங்கி பெட்ரோல் விலையிலேயே முடிந்துவிடுகிறது. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. உள்நாட்டில் துளையிட யார் பணம் போடுகிறார்கள், யார் விலகிப் போகிறார்கள், அதற்கு அரசின் எந்த முடிவு காரணம் என்பதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் இந்திய அனுபவத்தை வைத்தும், தேவையான இடத்தில் வெளிநாட்டு உதாரணங்களோடும் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கொள்கை மாற்றம் என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

வரி, ராயல்டி (எடுக்கும் எண்ணெய்க்காக அரசுக்குத் தரும் பங்கு), செஸ் (வரியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் தீர்வை) ஆகியவை முதலில் நினைவுக்கு வரும். அவற்றோடு முடிவதில்லை. எடுத்த எரிவாயுவை என்ன விலைக்கு, யாருக்கு விற்கலாம் என்பது ஒரு கொள்கை. ஒப்பந்தம் லாபத்தைப் பங்குபோடுவதா, வருவாயைப் பங்குபோடுவதா என்பது இன்னொன்று. சுற்றுச்சூழல் அனுமதி, மக்கள் கருத்துக்கேட்பு, கடலில் எந்தப் பகுதியில் கப்பல் போகலாம் என்ற பாதுகாப்புத் துறையின் கட்டுப்பாடு, பங்க்கில் சில்லறை விலையை யார் தீர்மானிப்பது என எல்லாமே முதலீட்டுக் கணக்குக்குள் வந்துவிடும்.

எல்லாத் தொழிலுக்கும் அரசு விதி உண்டே. எண்ணெய் நிறுவனங்கள் மட்டும் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கின்றன?

இரண்டு காரணங்கள். ஒன்று, காலம். ராஜஸ்தானின் மங்களா வயல் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. முதல் எண்ணெய் வந்தது 2009 ஆகஸ்டில். இத்தனைக்கும் அது தரையில் இருக்கும் வயல். ஆழ்கடல் என்றால் பத்து வருடம் என்பது சாதாரணம்.

இதைக் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு திட்டத்தில் எட்டாவது வருடம் 100 கோடி ரூபாய் கிடைக்கும், நிறுவனம் தன் பணத்துக்கு வருடம் 10 சதவீதம் எதிர்பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 கோடியின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 46.7 கோடி. ஏதோ ஓர் அனுமதிக் கடிதம் இரண்டு வருடம் மேஜையில் கிடந்து, அதே பணம் பத்தாவது வருடம்தான் வருகிறது என்றால் இன்றைய மதிப்பு 38.6 கோடி. யாரும் வரி கூட்டவில்லை, எண்ணெய் விலையும் குறையவில்லை. தாமதம் மட்டுமே மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிட்டது.

இரண்டாவது காரணம், போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. துணி ஆலையை மூடினால் இயந்திரத்தையாவது விற்கலாம். கடலுக்கடியில் 3,000 மீட்டர் தோண்டிய கிணற்றை யாரிடம் விற்பது? பணம் மண்ணுக்குள் போகும்வரை பேரம் பேசும் பலம் நிறுவனத்திடம் இருக்கிறது. போன மறுநாள் அது அரசின் கைக்கு மாறிவிடுகிறது. இது நிறுவனங்களுக்கும் தெரியும், அரசுகளுக்கும் தெரியும். அதனால் எந்த விதி மாற்றத்தைப் பற்றியும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது இனி வரப்போகும் முதலீட்டுக்கா, ஏற்கெனவே போட்ட முதலீட்டுக்கா?

வரி அதிகம் என்றால் முதலீடு வராது, குறைத்தால் வரும். இவ்வளவுதானே?

இல்லை. இதற்கு வட கடலைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரே கடலின் ஒரு பக்கம் நார்வே, மறுபக்கம் பிரிட்டன். நார்வேயில் எண்ணெய் லாபத்தின் மீது மொத்த வரி 78 சதவீதம். பல பத்தாண்டுகளாக ஏறக்குறைய அதே அளவுதான். பிரிட்டனிலும் இப்போது 78 சதவீதம்தான். ஆனால் நார்வேயில் புதுத் திட்டங்கள் வரிசையாக வந்தன. பிரிட்டன் பக்கத்தில் நிறுவனங்கள் வெளியேறுவதைப் பற்றிப் பேசுகின்றன.

வித்தியாசம் எங்கே? நார்வே அரசு லாபத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதுபோல் நஷ்டத்திலும் பங்கெடுக்கிறது. 2005-இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, லாபமே இல்லாத சிறு நிறுவனம்கூட எண்ணெய் தேடிச் செலவழித்த பணத்தில் வரி விகிதத்துக்கு இணையான பகுதியை ரொக்கமாகவே திரும்பப் பெற முடிந்தது. கிணறு வறண்டுபோனால் இழப்பில் பெரும்பகுதி அரசுடையது. 2020-இல் கொரோனாவால் விலை விழுந்தபோது, 2022 முடிவதற்குள் திட்டத்தைச் சமர்ப்பிப்பவர்களுக்குத் தற்காலிக வரிச் சலுகை என்று நாடாளுமன்றம் அறிவித்தது. கெடு முடியும்போது திட்டங்கள் வந்து குவிந்தன. பேஸ்புக்கில் சிலர் நார்வேயை "குறைந்த வரி நாடு" என்று எழுதுகிறார்கள். அது முற்றிலும் தவறு. அங்கே வரி மிக அதிகம், ஆனால் நாளை என்ன வரி என்பது இன்றே தெரியும்.

பிரிட்டனின் கதையைப் பாருங்கள். வழக்கமான நிறுவன வரிக்கு மேல் 2002-இல் 10 சதவீதக் கூடுதல் வரி, 2006-இல் 20, 2011-இல் 32, பிறகு 2015-இல் 20, 2016-இல் மறுபடி 10. உக்ரைன் போரால் விலை ஏறியதும் 2022 மே மாதம் அதற்கு மேல் 25 சதவீதத்தில் ஒரு புதுத் தீர்வை வந்தது. 2023 ஜனவரியில் அது 35 ஆனது, 2024 நவம்பரில் 38. முதலில் 2025 கடைசியில் முடியும் என்றார்கள். அந்தத் தேதி தள்ளித் தள்ளிப் போய் 2030 மார்ச்சில் நிற்கிறது. 2024-இல் அமெரிக்காவின் அப்பாச்சி நிறுவனம், 2029 முடிவோடு அங்கே உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, இந்தத் தீர்வையையும் புதிய விதிகளையும் காரணமாகச் சொன்னது.

பிரிட்டன் வயல்கள் வயதானவை, அங்கே செலவும் கூடுதல். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், எல்லாப் பழியையும் வரிமேல் போட முடியாது. ஆனால் வயதான வயலில்தான் ஒவ்வொரு விதி மாற்றமும் ஆழமாகக் காயப்படுத்தும். மிச்சமிருக்கும் லாபம் அங்கே மெல்லியது.

இந்தியாவில் ஒரு கொள்கை முடிவு நேரடியாக முதலீட்டைக் கொண்டுவந்ததற்கு உதாரணம் உண்டா?

உண்டு. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் எரிவாயு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரே வயலில் விலைக் கொள்கையின் இரண்டு பக்கத்தையும் காட்டிய கதை இது.

ஆந்திரக் கரைக்கு அப்பால் கே.ஜி. டி6 பகுதியில் ரிலையன்ஸ் 2002-இல் எரிவாயுவைக் கண்டுபிடித்தது. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. விலை ஒரு எம்.எம்.பி.டி.யூ.-வுக்கு (எரிவாயுவை அதன் வெப்ப ஆற்றலை வைத்து அளக்கும் அலகு) 4.20 டாலர் என்று ஐந்து வருடத்துக்கு அரசு நிர்ணயித்தது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் என்பது திட்டம். 2010-இல் 6 கோடியைத் தொட்ட உற்பத்தி அதன் பிறகு சரிந்துகொண்டே போனது. நிலத்தடி அமைப்பு எதிர்பார்த்தபடி இல்லை என்றது நிறுவனம். ஒப்புக்கொண்ட அளவுக்குக் கிணறு தோண்டவில்லை என்றது அரசு. செலவை ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையின் ஒரு பகுதியை அரசு மறுக்க, விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனது. இதற்கு நடுவே 2011-இல் பிரிட்டனின் பி.பி. எண்ணெய் நிறுவனம் 720 கோடி டாலர் கொடுத்து 30 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது.

அடுத்து விலை. விலையை ஆராய அரசு அமைத்த ரங்கராஜன் குழு சொன்ன வாய்பாட்டின்படி 2014-இல் எரிவாயு விலை 8 டாலரைத் தாண்டியிருக்கும். தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. 2014 அக்டோபரில் வேறொரு வாய்பாடு அமலுக்கு வந்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யா போன்ற எரிவாயு மலிந்த சந்தைகளின் சராசரி அது. 2016 ஏப்ரலில் விலை 3.06 டாலர், 2017 ஏப்ரலில் 2.48, 2020 அக்டோபரில் 1.79. இந்த விலைக்கு ஆழ்கடலில் எவரும் துளையிட மாட்டார்கள். கண்டுபிடித்த எரிவாயு கடலுக்கடியில் அப்படியே கிடந்தது.

2016 மார்ச் 10-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. ஆழ்கடல், அதி ஆழ்கடல், அதிக அழுத்தமும் வெப்பமும் உள்ள வயல்கள் ஆகியவற்றின் எரிவாயுவுக்கு விற்பனைச் சுதந்திரம் உண்டு, ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு. முதல் உச்சவரம்பு 6.61 டாலர், அப்போதைய சாதாரண விலையைவிட இரண்டு மடங்குக்கு மேல். அதே மார்ச் மாதக் கடைசியில் அரசு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. பக்கத்திலிருந்த தன் ஆழ்கடல் பகுதிக்கு 500 கோடி டாலருக்கு மேலான திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2017 ஜூனில் ரிலையன்ஸும் பி.பி.யும் டி6-இல் மூன்று திட்டங்களுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் முதலீட்டை அறிவித்தன. 2020 டிசம்பர், 2021 ஏப்ரல், 2023 என அந்த மூன்று திட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்திக்கு வந்தன. இப்போது நாட்டின் எரிவாயு உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதம் டி6-இலிருந்து வருகிறது.

பூமிக்கு அடியில் இருந்தது 2014-லும் அதே எரிவாயுதான், 2017-லும் அதேதான். மாறியது விலை விதி மட்டும்.

அப்படியென்றால் விலையை விட்டுவிட்டாலே போதுமா?

போதாது. ஓ.என்.ஜி.சி.யின் திட்டத்தையே பாருங்கள். 2016-இல் ஒப்புதல் கிடைத்தும் முதல் கச்சா எண்ணெய் வந்தது 2024 ஜனவரியில், திட்டமிட்டதைவிட வருடக்கணக்கில் தாமதமாக. கருவிகள், ஒப்பந்ததாரர்கள், கொரோனா எல்லாம் குறுக்கே வந்தன. விலை விதி கதவைத் திறக்கும், வேலையைச் செய்து தராது.

அப்புறம், நுகர்வோர் பக்கமும் உண்டு. 2020 கடைசியில் 4.06 டாலராக இருந்த அந்த உச்சவரம்பு 2022 அக்டோபரில் 12.46 டாலருக்குப் போனது. உர ஆலைகளும், வீட்டுக்குக் குழாயில் எரிவாயு தரும் நிறுவனங்களும் திணறின. விலையை மறுபடி ஆராய்ந்த கிரித் பாரிக் குழுவின் யோசனைக்குப் பிறகு 2023 ஏப்ரலில் பழைய வயல்களின் எரிவாயுவுக்குக் குறைந்தபட்சம் 4 டாலர், அதிகபட்சம் 6.5 டாலர் என்று வரம்பு போட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. தரைவிலை முதலீட்டாளருக்குத் தைரியம் தருகிறது, மேல்வரம்பு ஆட்டோ ஓட்டுபவரைக் காக்கிறது.

நெல்ப், ஹெல்ப் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

1999-இல் நடைமுறைக்கு வந்த புதிய உரிமக் கொள்கைதான் நெல்ப். அதற்குமுன் வயல்கள் பெரும்பாலும் ஓ.என்.ஜி.சி.க்கும் ஆயில் இந்தியாவுக்கும் நேரடியாக ஒதுக்கப்பட்டன. நெல்ப் வந்தபின் ஏலம், 100 சதவீத அந்நிய முதலீட்டுக்கு அனுமதி, உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம். நிறுவனம் முதலில் தன் செலவை எடுத்துக்கொள்ளும், மிச்ச லாபத்தை அரசோடு பகிரும். இதில் ஒரு சிக்கல்: செலவு கூடினால் அரசின் பங்கு தள்ளிப்போகும். அதனால் ஒவ்வொரு செலவையும் அரசு துருவிப் பார்க்க வேண்டியிருந்தது. டி6 தகராறின் வேர் இதுதான்.

2016-இல் நெல்புக்குப் பதிலாக ஹெல்ப் என்ற புது உரிமக் கொள்கை வந்தது. லாபப் பங்கு போய் வருவாய்ப் பங்கு. செலவு உன் பாடு, வரும் வருவாயில் எனக்கு இவ்வளவு என்கிறது அரசு. கணக்குச் சண்டை ஒழிந்தது, செஸ்ஸும் கிடையாது. எந்தப் பகுதி வேண்டும் என்று நிறுவனமே கேட்கலாம். ஆனால் ஆபத்து முழுக்க நிறுவனத்தின் தலையில் வந்து உட்கார்ந்தது. முதல் சுற்றில் 55 பகுதிகளில் 41-ஐ வேதாந்தா ஒன்றே எடுத்தது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்கள் ஏலத்துக்கு வரவில்லை. 2019 பிப்ரவரியில் அரசு இன்னும் ஓர் அடி இறங்கி, அதிகம் ஆராயப்படாத படுகைகளில் வருவாய்ப் பங்கையே ஏலத்திலிருந்து எடுத்துவிட்டு, யார் அதிகம் ஆராய்கிறார்களோ அவர்களுக்கே பகுதி என்று மாற்றியது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கெய்ர்ன் வரி வழக்கு எதைப் பற்றியது? அதை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்?

மங்களாவைக் கண்டுபிடித்த ஸ்காட்லாந்து நிறுவனம் கெய்ர்ன் எனர்ஜி. அது 2006-இல் தன் இந்தியச் சொத்துகளை ஒரு புது நிறுவனத்தின்கீழ் மாற்றி அமைத்தது. அதற்கு ஆறு வருடம் கழித்து, 2012 நிதிச் சட்டத்தில் முன்தேதியிட்டு அமலாகும் ஒரு திருத்தம் வந்தது. அதை வைத்து, 2006 பரிமாற்றத்துக்கு 10,247 கோடி ரூபாய் வரி கட்டச் சொல்லி 2015-இல் கேட்டார்கள். 2020 டிசம்பரில் தி ஹேக் நடுவர் மன்றம் இந்தியா 120 கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2021 ஜூலையில் பாரிஸில் உள்ள இந்திய அரசின் சொத்துகளை முடக்க பிரெஞ்சு நீதிமன்றம் அனுமதிக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்றது. 2022 பிப்ரவரியில் சுமார் 7,900 கோடி ரூபாய் திருப்பித் தரப்பட்டது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. இந்தியாவில் தனியார் கையால் கிடைத்த மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றைச் செய்தவர்களுக்கே இந்த அனுபவம் என்றால், அடுத்த நிறுவனம் தன் இயக்குநர் குழுவிடம் இந்தியாவைப் பற்றி என்ன சொல்லும்? வந்த முதலீட்டை எண்ணலாம். வராமல் போனது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

2022-இல் இந்தியா போட்ட விண்ட்ஃபால் வரி (எதிர்பாராத லாபத்தின் மீதான கூடுதல் வரி) தவறா?

அடியோடு தவறு என்று சொல்ல மாட்டேன். போரினால் விலை ஏறி, எந்தக் கூடுதல் உழைப்பும் இல்லாமல் லாபம் கொட்டும்போது, விலையேற்றத்தைத் தாங்கும் மக்களுக்காக அரசு அதில் பங்கு கேட்பது நியாயம். கேட்ட விதத்தில்தான் எனக்குக் குறை.

2022 ஜூலை 1-ஆம் தேதி உள்நாட்டுக் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் விதித்தார்கள். ஒரு டன் என்பது ஏறத்தாழ 7.3 பீப்பாய். பீப்பாய்க்கு சுமார் 3,185 ரூபாய், அன்றைய மதிப்பில் 40 டாலர். பழைய வயல்களுக்கு இருக்கும் 20 சதவீத செஸ், ராயல்டி எல்லாம் இதற்கு மேல் தனி. அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரி மாறியது. ஜூலை 20-இல் 17,000. 2023 ஏப்ரல் 4-இல் பூஜ்யம், அதே மாதம் 19-இல் 6,400. 2024 டிசம்பரில் மொத்தமாக நீக்கினார்கள்.

பத்து வருடத்துக்குக் கணக்குப் போடுபவரிடம் பதினைந்து நாளுக்கு ஒரு வரி என்றால் அவர் எந்த எண்ணைத் தாளில் எழுதுவார்? "விலை இத்தனை டாலரைத் தாண்டினால் இத்தனை சதவீதம்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் அரசுக்கும் பணம் வந்திருக்கும், முதலீட்டாளரும் தெரிந்தே வந்திருப்பார். சிறு உற்பத்தியாளர்களுக்கும், முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாக எடுத்த எண்ணெய்க்கும் விலக்கு கொடுத்ததைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஓ.என்.ஜி.சி. அரசு நிறுவனம்தானே? அதை இது பாதிக்குமா?

தனியாரைவிட அதிகமாகவே பாதிக்கும். தனியார் நிறுவனம் விலகிப் போகலாம், ஓ.என்.ஜி.சி.யால் முடியாது. டீசல், சமையல் எரிவாயு மானியச் சுமையில் ஒரு பகுதியை அது பல வருடம் சுமந்தது. 2013-14-இல் மட்டும் 56,000 கோடி ரூபாய்க்கு மேல். 2018 ஜனவரியில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசுக்கு இருந்த 51.11 சதவீதப் பங்கை 36,915 கோடிக்கு வாங்க வைத்தார்கள். அரசின் பங்கு விற்பனை இலக்கு நிறைவேறியது, கையில் ரொக்கம் வைத்திருந்த ஓ.என்.ஜி.சி. கடன் வாங்கியது. உள்நாட்டில் உற்பத்தி ஏன் விழுகிறது என்று கேட்கும்போது, கிணறு தோண்ட வேண்டிய பணம் எங்கெல்லாம் போனது என்றும் கேட்க வேண்டும்.

பெட்ரோல் பங்க் முதலீட்டிலும் இதே கதையா?

ஆமாம். 2008-இல் கச்சா விலை எகிறியபோது அரசு நிறுவனங்கள் மானியத்தோடு விற்றன. தனியாருக்கு மானியம் இல்லை. ரிலையன்ஸ் சுமார் 1,400 பங்க்குகளை இழுத்து மூடியது. நெடுஞ்சாலையில் புதுக் கூரையோடு பூட்டிக் கிடந்த அந்த பங்க்குகள் பலருக்கு நினைவிருக்கும். 2010 ஜூனில் பெட்ரோலுக்கும், 2014 அக்டோபரில் டீசலுக்கும் விலைக் கட்டுப்பாடு நீங்கியதும் அவை திறந்தன. பிறகு பி.பி. 100 கோடி டாலர் கொடுத்து 49 சதவீதப் பங்காளியாகச் சேர்ந்தது. ஆனால் 2022 ஏப்ரலுக்குப் பிறகு அரசு நிறுவனங்கள் நீண்ட காலம் விலையை நகர்த்தவே இல்லை. காகிதத்தில் சுதந்திரம் இருந்தும் தனியாருக்கு மறுபடி நஷ்டம்.

காவிரி டெல்டாவில் நடந்ததும் கொள்கை மாற்றம்தானே?

அதுவும்தான். அதை முதலீட்டாளரின் கண்ணால் மட்டும் பார்ப்பது சரியில்லை. நெடுவாசலில் 2017-இல் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) திட்டத்துக்கு எதிராக மக்கள் எழுந்தபோது முக்கியக் குறை, தங்கள் நிலத்தடியைப் பற்றிய முடிவு தங்களிடம் கேட்காமல் எடுக்கப்பட்டது என்பது. 2020 ஜனவரியில் மத்திய அரசு, எண்ணெய் ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று விதியை மாற்றியது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில வட்டாரங்களிலும் புதிய துளையிடலைத் தடுத்தது. ஏற்கெனவே ஓடும் கிணறுகளுக்குத் தடையில்லை.

இங்கே சிக்கல் அமைப்பிலேயே இருக்கிறது. பெட்ரோலியம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் தரையில் துளையிட உரிமத்தை மாநிலம்தான் தர வேண்டும், ராயல்டியும் மாநிலத்துக்கே. டெல்லியில் ஏலம் எடுத்தவர் சென்னையில் நிற்க வேண்டியிருக்கிறது. கருத்துக்கேட்பை நீக்கியது வேகத்துக்காக என்றார்கள், கிடைத்ததோ முழுத் தடை. நெல் விளையும் நிலத்தில் ஒரு விவசாயி எதிர்பார்ப்பதும் அடுத்த முப்பது வருடத்துக்கான உறுதியைத்தான். அந்த வகையில் 2020 சட்டம் அவருக்குக் கிடைத்த நிலைத்த விதி. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இலங்கையின் மன்னார் படுகை என்ன ஆனது?

2008-இல் கெய்ர்னின் இலங்கைப் பிரிவு உரிமம் பெற்று, 2011-இல் டொராடோ, பாரகுடா என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. 2015-இல் வெளியேறியது. எண்ணெய் விலைச் சரிவு உடனடிக் காரணம். அந்த எரிவாயுவை வாங்க நாட்டில் எரிவாயு மின் நிலையமோ, குழாய் வலையமைப்போ, முடிவான விலைக் கொள்கையோ இல்லாததும் திட்டத்தைப் பலவீனமாக்கியது. 2021-இல் இலங்கை புதிய பெட்ரோலிய வளச் சட்டம் கொண்டுவந்தது. எரிவாயு இன்னும் கடலுக்கடியில்தான் இருக்கிறது.

2025-இல் இந்தியா எண்ணெய் வயல் சட்டத்தைத் திருத்தியதே, அது நிலைமையை மாற்றுமா?

ஓரளவு மாற்றும். 1948-ஆம் வருடச் சட்டம் எண்ணெயையும் சுரங்கத்தையும் ஒரே கண்ணால் பார்த்தது. 2024 டிசம்பரில் மாநிலங்களவையிலும் 2025 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறிய திருத்தம் பெட்ரோலியக் குத்தகையைத் தனியாகப் பிரித்தது. சிறைத் தண்டனைக்குப் பதில் அபராதம், தகராறுகளுக்கு நடுவர் தீர்வு ஆகியவற்றுக்கு வழி செய்தது. நடப்பிலுள்ள குத்தகையின் நிபந்தனைகளைக் குத்தகைதாரருக்குப் பாதகமாக இடையில் மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்தது. மாநிலங்களின் உரிம, ராயல்டி உரிமைகளில் கைவைக்கவில்லை.

ஆனால் குத்தகை நிபந்தனை வேறு, வரி வேறு. ஒரு நாடாளுமன்றம் அடுத்த நாடாளுமன்றத்தின் நிதி மசோதாவைக் கட்டிப்போட முடியாது. 2022-இல் வந்ததுபோல் கூடுதல் கலால் வரி மறுபடி வந்தால் இந்தத் திருத்தம் தடுக்காது. நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் இனி பார்க்கப்போவது ஏல ஒப்பந்தத்தின் வாசகத்தை: புது வரி வந்தால் அரசின் வருவாய்ப் பங்கு அதற்கேற்பக் குறையுமா என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதை.